உன்னைக் கட்டை என்றவர் என் மேசைக்கு வந்திருக்கிறார்

என் காத்தமுத்து அண்ணே, எங்கே இருந்தாலும் நல்லா இருக்கணும்,

உனக்கு ஒரு நல்ல சேதி. பெரிய பண்ணை போய்ச் சேர்ந்துவிட்டார். அதைவிட நல்ல சேதி, அவருடைய உடம்பு இப்போது என் பொறுப்பில் இருக்கிறது.

செத்தவரைப் பற்றி இப்படியா எழுதுவது என்று இதைப் படிக்கிறவர்கள் முகம் சுளிக்கலாம். சுளித்துக்கொள்ளட்டும். நீ செத்தபோது ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. உன்னைப் பற்றி யாரும் எதையும் எழுதவும் இல்லை, ஆஸ்பத்திரியில் உன் பெயரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. இந்த ஒரு கடிதத்தையாவது நான் என் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்கிறேன்.

நீ போனபோது நான் மூக்கொழுகிக்கொண்டு திரிந்த பிள்ளை. இப்போது டாக்டர். ஒரு மருத்துவக் கல்லூரியில் உடற்கூறியல் துறைக்குத் தலைவி. பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதே. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மனித உடம்பைத் திறந்து காட்டிப் பாடம் சொல்கிற வேலைதான். ஊசி போடுவதில்லை, பிரசவம் பார்ப்பதில்லை. உயிரில்லாதவர்களோடுதான் என் பிழைப்பு. உன் தங்கை அஞ்சலை போயும் போயும் ஏன் இந்தப் படிப்பை எடுத்தாள் என்று நீ கேட்கமாட்டாய். மற்ற எல்லாரும் கேட்டார்கள்.

அந்த வருஷம் நடந்ததை உனக்கே சொல்லிக் காட்டுவது வேடிக்கைதான். ஆனால் நீ விழுந்த பிறகு நடந்தது உனக்குத் தெரியாதே.

கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டு நீங்கள் சங்கம் வைத்து அறுப்பை நிறுத்தினீர்கள். பண்ணை வெளியூர் ஆட்களை இறக்கியது. வரப்பில் நின்று மறித்த உன் மண்டையில் தடி விழுந்தது. உன்னைத் தூக்கி வேனில் போட்டு மாயவரம் தாண்டி எங்கேயோ ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூடப் போனது யார் தெரியுமா? பண்ணையின் வேலையாட்களை மேய்த்த காரியக்காரர். நீ தவழ்ந்த நாளிலிருந்து உன்னைப் பார்த்த மனுஷன், ஆஸ்பத்திரியில் "யாரோ வழிப்போக்கன், ரோட்டுல கெடந்தான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். நீ அங்கேயே போய்விட்டாய்.

சேதி மறுநாள் காலையில் நம் தெருவுக்கு வந்தது. சங்கத்துத் தோழர்கள் அப்பாவை உடனே கிளம்பச் சொன்னார்கள். "வண்டி நிக்குது, வாங்க பெரியவரே, நேரா போய் ஒடம்ப வாங்கிடுவோம்" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். அப்பா நகரவில்லை. "பண்ணையில சொல்லாம எப்படிப்பா தூக்குறது? கோடித்துணி வாங்காம எம்புள்ளைய எடுத்தா அவனுக்குத்தானப்பா ஆகாது" என்றார்.

நம் தெருவில் அதுதானே வழக்கம். யார் செத்தாலும் முதலில் பண்ணை வாசலுக்குப் போய்ச் சொல்ல வேண்டும். பண்ணை புதுத்துணி ஒன்றைக் கொடுத்து, சரி எடுங்கடா என்று சொன்ன பிறகுதான் பாடை கட்டலாம். நம் ஆட்களின் உடம்பு உயிரோடு இருக்கும்போதும் பண்ணைக்குச் சொந்தம், போன பிறகும் அவர்கள் விட்டால்தான் நமக்குச் சொந்தம். அறுப்பையே நிறுத்தத் துணிந்த தெருவுக்கு அந்தத் துணியை வேண்டாம் என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை. மகனைக் கொன்றவன் வாசலிலேயே போய், மகனைப் புதைக்க உத்தரவு கேட்டு நின்றார் அப்பா.

நானும் கூடப் போனேன். பண்ணை வீட்டு வாசலுக்கு எதிரில், கொட்டகை நிழலைக்கூடத் தொடாமல் வெயிலில் நின்றோம். உள்ளேயிருந்து யாரும் வரவில்லை. ஒரு முறை ஜன்னல் கதவு திறந்து மூடியது. சாயங்காலம் காரியக்காரர் வந்து, "ஐயா நாளைக்குப் பாக்குறேன்னாரு, போ" என்றார். மறுநாளும் போய் நின்றோம். வெயில் தாழ்ந்த பிறகு பெரிய பண்ணை வெளியே வந்தார். வெற்றிலையைத் துப்பிவிட்டு அவர் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

"உசுரு போனப்பறம் ஒடம்புல என்னடா இருக்கு? வெறும் கட்டை. அது எங்க கெடந்தா ஒனக்கென்ன? போய் அறுப்புக்கு ஆள அனுப்பு, அப்பறம் துணியப் பத்திப் பேசலாம்."

துணி வரவே இல்லை. அப்பா கடைசியில் வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கேட்பாரற்ற பிணம் என்று உன்னை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். சவக்கிடங்கில் இருந்தவர் அப்பாவிடம், "காலேஜுக்குப் போயிருச்சுய்யா, இனிமே கெடைக்காது" என்றாராம். நம் தெருவிலிருந்து முதன்முதலாகக் காலேஜுக்குப் போனவன் நீதான் அண்ணே. படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள்.

அப்பா மேல் எனக்கு வந்த கோபம் அவர் சாகும்வரை தீரவில்லை. ஏன் போய் நின்றாய், யாரைக் கேட்டு நின்றாய் என்று வளர்ந்த பிறகு அவரைப் பிடுங்கி எடுத்திருக்கிறேன். அம்மாவின் கதை வேறு. நம் ஆட்களுக்கு, மண் விழும்வரை செத்தவர் செத்தவர் இல்லை. குளிப்பாட்டும்போது தண்ணீர் சுடுகிறதா என்று கேட்பார்கள், வாயில் அரிசி போடும்போது கோபித்துக்கொள்ளாதே என்பார்கள். அம்மாவுக்கு உன்னிடம் அப்படிப் பேசக் கிடைக்கவில்லை. அதனால் நீ சாகவில்லை. பஸ்ஸில் உன் வயசுப் பையன் யாராவது ஏறினால் எழுந்து நின்று முகத்தைப் பார்ப்பாள். கடைசியாகப் படுத்துக் கிடந்தபோதும், "அவன் வந்தா கதவத் தொறந்து வுடு" என்றுதான் என்னிடம் சொன்னாள்.

நான் அரசாங்க ஹாஸ்டலில் படித்தேன். புது ஆட்சி வந்திருந்தது. நமக்கென்று இடம் ஒதுக்கினார்கள், சோறு போட்டார்கள், அதை நான் மறக்கமாட்டேன். டாக்டர் படிப்பில் சேர்ந்து முதல் நாள் டிஸெக்ஷன் ஹாலுக்குள் போனேன். வரிசையாக மேசைகள். மற்ற பிள்ளைகள் வாசனை தாங்காமல் மூக்கைப் பொத்தினார்கள், ஒரு பெண் மயங்கி விழுந்தாள். நான் ஒவ்வொரு மேசையாகப் போய் முகத்தைப் பார்த்தேன். நீ போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, அங்கே இருக்கமாட்டாய் என்று தெரியும். தெரிந்தும் பார்த்தேன். அம்மாவின் பெண்தானே நான்.

எங்களுக்குப் பாடம் எடுத்த பேராசிரியர் நல்ல மனிதர், கோபமே வராது. ஒரு உடம்பின் தோளைத் திறந்து காட்டி, "பாருங்க, கூலியாள் பாடி. கொழுப்பே இல்ல. தசை, நரம்பு எல்லாம் தெளிவா தெரியும். படிக்கிறதுக்கு ரொம்ப வசதி" என்றார். எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதிக்கொண்டேன். அவர் யாரையும் திட்டவில்லை, இழிவாகப் பேசவில்லை. அதனால்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பட்டினி கிடந்த உடம்பு பாடத்துக்கு வசதியாம். இந்த நாட்டில் டாக்டர்கள் மனித உடம்பு என்று எதைப் படித்தார்களோ அது உன் உடம்பு அண்ணே. அதைப் படித்துவிட்டு வந்து பண்ணைகளுக்கு வைத்தியம் பார்த்தார்கள்.

இப்போது எங்கள் கல்லூரியில் நெறிமுறைக் குழு என்று ஒன்று இருக்கிறது. எந்த உடம்பை, யாருடைய சம்மதத்தோடு, எப்படித் தொடலாம் என்று உட்கார்ந்து பேசுவோம். நானும் அதில் உறுப்பினர். உடம்பு ஒரு இயந்திரம் என்று நினைப்பவர் கழற்றிப் பார்ப்பதில் தப்பில்லை என்பார். ஆத்மா போட்டுக் கழற்றும் சட்டை என்று நினைப்பவர் கழற்றிய சட்டைக்கு என்ன மரியாதை என்பார். சாமி கொடுத்தது, அப்படியே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பவரும் உண்டு. மனுஷன் என்றால் என்ன என்று ஒருவர் எதை நம்புகிறாரோ அதிலிருந்துதான் அவருடைய சட்டதிட்டம் எல்லாம் வருகிறது. எல்லாரும் படித்தவர்கள், நல்லவர்கள். எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க வேண்டும். இத்தனை தத்துவத்தையும் முதலில் யாருடைய உடம்பில் சோதித்துப் பார்த்தீர்கள்? கட்டை என்றும் சட்டை என்றும் சொன்னவர்கள் யாராவது தங்கள் அப்பனைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் போட்டார்களா?

இத்தனை வருஷமும் இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷம் பெரிய பண்ணை வந்தார்.

அவர் எப்படி மாறினார் என்று நீ பார்த்திருக்க வேண்டும். உச்சவரம்புச் சட்டம் வந்ததும் நிலத்தை மச்சான், மாமன், வேலைக்காரன், வேலைக்காரனின் பேரன் என்று கண்ட பெயரில் எழுதி வைத்தார். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததோ அந்தக் கட்சிக் கரை போட்ட வேட்டியைக் கட்டினார். மேடை ஏறினார், பகுத்தறிவு பேசினார், சாதி ஒழிய வேண்டும் என்றுகூடப் பேசினார். கடைசியில் உடல் தானம் செய்கிறேன் என்று கிளம்பிவிட்டார். நிலத்தைத்தான் பத்துப் பெயரில் எழுதினார், உடம்பைச் சொந்தப் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார்.

கல்லூரியில் விழா வைத்தார்கள். துறைத்தலைவி என்பதால் நான்தான் சால்வை போட்டேன். "நீங்க எந்த ஊரும்மா?" என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கம் என்றேன். "பக்கம்னா எது?" என்று விடாமல் கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று நமக்குத் தெரியாதா? சிரித்துவிட்டு நகர்ந்தேன். மைக்கைப் பிடித்து அவர் பேசினார்: "உயிர் போனப்பறம் உடம்புல என்ன இருக்கு? வெறும் கட்டை. நாலு புள்ளைங்க படிச்சுட்டுப் போகட்டுமே!" கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. என் பக்கத்தில் இருந்த பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே வார்த்தை அண்ணே. அப்பாவை வெயிலில் நிற்கவைத்துச் சொன்னது. அன்றைக்கு அது உன்னைப் பற்றி, உன்னையும் கேட்கவில்லை, நம்மையும் கேட்கவில்லை. இன்றைக்கு அது அவரைப் பற்றி, அவரே முடிவு செய்தது. அவர் கொடுத்தால் தானம், நம்மிடமிருந்து எடுத்தால் கேட்பாரற்றது.

போன வாரம் செத்தார். கட்சிக் கொடி போர்த்தி, பட்டாசு வெடித்துக் கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். மறுநாள் காலை உடம்பைப் பதப்படுத்த வேண்டும். அதற்கு முன்பே வாசலில் கார் வந்து நின்றது. பண்ணையின் சம்சாரமும், வெளிநாட்டிலிருந்து வந்த மகனும்.

அந்தம்மாவுக்கு வயசாகிவிட்டது, மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். என் அறைக்குள் வந்ததும் உட்காராமல் கையைக் கூப்பினார்.

"டாக்டரம்மா, அவரைக் குடுத்துடுங்கம்மா. ஆம்பளைங்க என்னைக் கேக்காம கொண்டாந்து போட்டுட்டாங்க. கொள்ளி வைக்காம, எலும்பக் காவேரியில கரைக்காம நான் எப்படிம்மா சோறு திங்கிறது? அவர் கட்டைன்னுதான் சொன்னார். எனக்கு அவர் கட்டை இல்லையே."

பதப்படுத்துவதற்கு முன் குடும்பத்தார் கேட்டால் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்பதைத் துறைத்தலைவரின் முடிவுக்கு விட்டிருக்கிறோம். அப்படி விதி எழுதியவளே நான்தான். அம்மாவை நினைத்துத்தான் அதை எழுதினேன். பஸ்ஸில் எழுந்து நின்று முகம் பார்க்கிற இன்னொரு பெண் வேண்டாம் என்று. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தம்மா பேசி முடித்தபோது கொடுத்துவிடத்தான் நினைத்தேன். கட்டை இல்லை என்று அந்த வீட்டிலிருந்து ஒரு குரல் வந்ததே, அதுவே போதும் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"காத்தமுத்துன்னு ஒருத்தர உங்களுக்கு ஞாபகம் இருக்கா? உங்க ஊர்ல அறுப்பு நின்ன வருஷம்."

அந்தம்மா யோசித்தார். நடிக்கவில்லை, நிஜமாகவே யோசித்தார். "தெரியலையேம்மா. எத்தனையோ ஆளுங்க இருந்தாங்க. அந்த வருஷம் நல்லா ஞாபகம் இருக்கு. வெளஞ்ச சம்பா அப்படியே வயல்ல கொட்டிப் போச்சு. நான் மூணு நாள் சாப்பிடல."

நெல்லுக்குப் பட்டினி கிடந்திருக்கிறார்! நம் அப்பா வாசலில் நின்ற அதே நாட்களில், அந்த ஜன்னலுக்குப் பின்னால் நெல்லுக்காக அழுதுகொண்டு இருந்திருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரர் நல்லா யோசிச்சுத்தான் கையெழுத்துப் போட்டிருக்கார். அவர் உடம்பு, அவர் முடிவு. அதை மாத்த எனக்கு மனசு இல்ல" என்றேன். மகன் இங்கிலீஷில் கத்தினான். மந்திரியிடம் பேசுவேன் என்றான். பேசுங்கள் என்றேன். அந்தம்மா மட்டும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம், "யாரும்மா அவரு, காத்தமுத்து?" என்று கேட்டார். மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அவர்கள் போன பிறகு என் உதவிப் பேராசிரியை பர்வீன் வந்தாள். சின்னப் பெண், நல்ல மனசு. "மேடம், எப்பவும் குடுத்துடுவோமே? உயிரோட இருக்கிறவங்க துக்கத்துக்கு மதிப்பு இல்லையான்னு நீங்கதானே கமிட்டியில சண்டை போட்டீங்க?" என்றாள். இறந்தவரின் விருப்பம்தான் பெரியது என்று அவளுக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். எல்லாம் சரியான வாதம், எந்தக் குழுவின் முன்னாலும் நிற்கும். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போனாள்.

உன்னிடம் எதற்கு ஒளிக்க வேண்டும்? நான் கொடுக்காததற்கு அது காரணம் இல்லை. பழி அண்ணே, பச்சைப் பழி. காரணம் நியாயமாக அமைந்தது என் அதிர்ஷ்டம்.

பதப்படுத்தும்போது நானே நின்றேன். செத்த பிறகு எல்லா உடம்பும் ஒன்றுதான் என்று எனக்கு அங்கே ஞானம் வந்தது என்று எழுதுவேன் என எதிர்பார்க்காதே. ஒன்று இல்லை. தோல் மிருதுவாக இருந்தது, உள்ளங்கையில் காய்ப்பே இல்லை. நெய்யும் கெட்டித் தயிருமாக வளர்ந்த உடம்பு. கொழுப்பை ஒதுக்கி ஒதுக்கித்தான் பிள்ளைகள் நரம்பைத் தேடப்போகிறார்கள். பாடத்துக்கு வசதியே இல்லை என்று நினைத்தேன். வாய்விட்டுச் சிரித்தும்விட்டேன், பர்வீன் பயந்துபோய்ப் பார்த்தாள்.

ஊர்ச் சேதி கேட்பாயே. நம் தெருவுக்கு மனைப்பட்டா கொடுத்துவிட்டார்கள், எல்லாம் ஓட்டு வீடும் மாடி வீடும்தான். அறுப்புக்கு மெஷின் வந்துவிட்டது, நிறுத்துவதற்குக்கூட ஆள் இல்லை. காவிரித் தண்ணீர் வந்தால் உண்டு, வராவிட்டால் போராட்டம் உண்டு. செத்தால் பண்ணையில் சொல்லும் வழக்கம் எப்போது நின்றதென்று யாருக்கும் தெரியவில்லை. அதை ஒழித்த நாளைக் கொண்டாடியிருக்க வேண்டும், சும்மா மறந்துவிட்டார்கள்.

நேற்று அந்த மகன் போன் செய்தான். கத்தவில்லை, குரல் இறங்கியிருந்தது. "டாக்டர், எங்கம்மாகிட்ட நீங்க என்ன சொன்னீங்க? கொள்ளியப் பத்திப் பேசறதையே விட்டுட்டாங்க. காத்தமுத்து யாரு, காத்தமுத்து யாருன்னு சமையக்காரம்மாவ, டிரைவர, துக்கத்துக்கு வர்றவங்கள எல்லாம் நிறுத்திவெச்சுக் கேக்கறாங்க. யாருக்கும் தெரியல. தயவுசெஞ்சு சொல்லிடுங்க, யாரு அவரு?"

"உங்கம்மாவுக்குத் தெரிஞ்சவர்தான். யோசிக்கச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

அந்த வீட்டில் உன்னை 'டேய்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள், 'ஏய்' என்று கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது பண்ணை வீட்டு அம்மா பொழுது விடிந்தால் உன் பெயரைச் சொல்லி, எதிரே வருகிற ஆட்களையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். உனக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறேன் அண்ணே. பாடம் முடிந்ததும் பண்ணையின் எலும்பை ஒன்று விடாமல் பொறுக்கி அவள் கையில் கொடுப்பேன், அதில் கணக்குத் தவறமாட்டேன். நீ யார் என்று மட்டும் என் வாயால் சொல்லமாட்டேன். அவள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

உன் ரத்தம்,
தங்கச்சி அஞ்சலை